காஸ் மணக்கவில்லை

எங்கள் வீட்டில் ஆக அதிகம் தேய்ந்த சொல் "சொல்லு" என்பதுதான். "தண்ணி சொல்லு. பால் சொல்லு. அம்மா சொல்லு குஞ்சு, அம்மா." காலையில் சப்பாத்து மாட்டும்போது ஒரு சுற்று, பஸ்ஸில் ஒரு சுற்று, குளிக்க வார்க்கும்போது இன்னொரு சுற்று. மகளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. காது கேட்கிறது என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். சோதிக்காமலே எங்களுக்கும் அது தெரியும், பிஸ்கட் டின் திறக்கும் சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவாள். சிரிப்பு வரும், அழுகை வரும், கோபம் வந்தால் மூக்கால் ஒரு முனகல் வரும். சொல் மட்டும் வராது.

யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்கள் பேசுவதைக் கதைப்பது என்போம். அதனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "பிள்ளை கதைக்கிறாளோ?" ஞாயிறு சேர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒருவர் மாறி ஒருவராக வந்து கேட்பார்கள். மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண், நல்ல மனுசி, வாராவாரம் ஒரே ஆறுதலைச் சொல்வார். "என்ரை தம்பியும் ஆறு வயசு மட்டும் வாய் திறக்கேல்லை. இப்ப அவனை நிப்பாட்ட ஏலாது. மாதாவுக்கு ஒரு நேத்தி வையுங்கோ." நேர்த்தி எல்லாம் வைத்தாகிவிட்டது. அந்தத் தம்பியை நான் கண்ணாலும் கண்டதில்லை, ஆனால் அவன்மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல்.

நான் சுப்பர்மார்க்கெட் ஒன்றில் பாண் சுடும் பகுதியில் வேலை. இவர், என் கணவர், பெற்றோல் அடிக்கும் செட்டில். இவருடைய ஷிப்ட் முடிய என்னுடையது தொடங்கும், நடுவில் விழும் ஓட்டைகளை அடைக்க ஆள் வேண்டும். லண்டனில், இந்த வால்தம்ஸ்டோவில் எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. கிழமையில் சில பின்னேரங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது மேல் வீட்டு அக்காதான்.

அக்கா சில்ஹெட் பக்கத்து வங்காளி. ஒரே வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், மேலே அவரும் கீழே நாங்களும். அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னை "ஆபா" என்பார். அவர்கள் மொழியில் அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தமாம். இருவரில் யார் மூத்தவர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களுக்குள் ஓடியது ஆங்கிலம், அதுவும் இரண்டு பக்கமும் நொண்டிக்கொண்டு ஓடும் ஆங்கிலம். இங்கே அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கதைப் பைத்தியம். அட்டை போன வங்காளிச் சிறுகதைப் புத்தகங்கள் சமையலறை அலுமாரியில் பருப்புப் போத்தல்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். பிள்ளையைக் கூட்டிப்போக நான் மேலே போனால், "இரு, தேத்தண்ணி குடி" என்பார். குடித்து முடிப்பதற்குள் ஒரு கதையில் பாதி வந்துவிடும். அதுவும் சும்மா கதை அல்ல, எப்படியோ தேடி எடுத்து, வாய் பேசாத பிள்ளைகள் வரும் கதையாகவே பார்த்துச் சொல்வார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவருக்கு நினைப்பு.

எழுதியவர்கள் வெவ்வேறு, ஊர்கள் வெவ்வேறு, ஆனால் அந்தப் பிள்ளைகள் போகும் இடம் மட்டும் ஒன்றுதான். வீட்டில் யாரும் கவனிக்காத ஒரு மத்தியான நேரத்தில் மெல்ல எழும்பி ஆற்றங்கரைக்குப் போவார்கள். இல்லையென்றால் ஒரு மரத்தடிக்கு, ஒரு கன்றுக்குட்டியிடம், மழை விழும் குளத்துக்கு. ஊரார் செவிடு, ஊமை, சனியன் என்று பேசும்போது ஆறு மட்டும் அந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ளும். அங்கே வந்ததும் அக்காவின் குரல் தழுதழுக்கும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டே விட்டேன். "அக்கா, உந்தக் கதையளிலை தாய் எங்கை போனவ?"

"தாய் வீட்டில்தான் இருக்கிறாள்."

"என்ன செய்யிறா?"

அக்கா இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். "பிள்ளையை நினைத்து வெட்கப்படுகிறாள். பிறகு அழுகிறாள்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"அப்ப எழுதினவைக்கு உப்பிடி ஒரு பிள்ளை இருந்திருக்காது," என்றேன். "இருந்திருந்தா ஆத்தங்கரைக்கு விட்டிருக்கமாட்டினம். விழுந்தா 'காப்பாத்துங்கோ' எண்டு கத்தவும் தெரியாத பிள்ளை." அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் எழும்பியதிலிருந்து நின்ற கால், முழங்காலுக்குக் கீழே எல்லாம் கடுகடுவென்று உளைந்தது. எங்களுக்கு ஆறும் இல்லை, கன்றுக்குட்டியும் இல்லை. பின்வளவில் குப்பைத் தொட்டி இரண்டும் ஒரு மரமும்தான். என்ன மரமென்றும் தெரியாது. இந்த நாட்டில் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் மரங்களுக்குப் பேர் கேட்க எங்களுக்கு ஏது நேரம்?

அந்த மரம் அக்காவின் சமையலறை யன்னலுக்கு நேரே கிளை விரித்து நிற்கும். கொஞ்சம் காற்று வந்தால் இலை கண்ணாடியில் உரசும். எங்கள் சமையலறை கீழே இருப்பதால் எங்களுக்குத் தெரிவது அடிமரம் மட்டும், ஈரத்தில் கறுத்துப்போன ஒரு துண்டு. மகள் மேலே இருக்கும் நேரமெல்லாம் யன்னலோரக் கதிரையில்தான் இருப்பாள் என்று அக்கா சொல்வார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளை ஒரு இடத்தில் இருந்தால் சரி, விழாமல் இருந்தால் சரி.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை நான் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். அடுப்பில் பருப்பு. மகள் அடுப்புக்குப் பக்கத்து யன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். திடீரென்று, தெளிவாக, யாரோ பெரிய ஆள் மாதிரி, "காஸ்" என்றாள்.

கத்தி கையிலிருந்து விழுந்தது. அவள் கையைக் கண்ணாடியில் வைத்துத் திரும்பவும் சொன்னாள். "காஸ்."

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ, பிள்ளை கதைச்சிட்டாள்!"

இவர் பாதி ஷேவ் எடுத்த முகத்தோடு வந்தார். "என்ன சொன்னவள்?"

"காஸ்."

இவருடைய முகம் மாறிவிட்டது. பெற்றோல் செட்டில் வேலை செய்கிற மனுசனுக்கு அந்தச் சொல் சும்மா சொல்லாக விழாது. "இஞ்சாரும், காஸ் மணக்குதோ? அடுப்பை நிப்பாட்டும், நிப்பாட்டும்! லைற் சுவிச்சிலை கை வைக்காதையும்!" என்று கத்திக்கொண்டே யன்னல் கதவெல்லாம் திறந்தார். எனக்கு வெங்காயம் மட்டும்தான் மணந்தது. பிள்ளையை ஜாக்கெட்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம். இவர் காஸ்காரருக்குப் போன் அடித்தார்.

வந்தவர் வெள்ளைக்காரப் பையன், கையில் டிக் டிக் என்று சத்தம் போடும் ஒரு கருவி. அடுப்பு, பொயிலர், மீற்றர் எல்லாம் முகர வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றான். யாருக்கு மணந்தது என்று கேட்டான். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மகளைக் காட்டினார். கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனான். வீடு முழுக்கக் குளிர் நிறைந்து போயிருந்தது, பருப்பும் அரைவேக்காட்டில் கிடந்தது. ஆனால் அன்றைக்கு நாங்கள் இருவரும் அடைந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! இவர் மகளைத் தூக்கித் தூக்கிப் போட்டார். "வீட்டைக் காப்பாத்தின ராசாத்தி!"

எனக்குள் ஒரு மூலையில் சின்னதாக எரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்து வருடம் அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று தொண்டை வறண்டது நான். முதல் சொல் காஸுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை செய்தி கேட்ட மன்னார்க்காரி கையைத் தட்டிச் சிரித்தார். "அம்மாவை விட்டுப்போட்டுக் காஸ் எண்டவளோ? லண்டன் பிள்ளையெல்லோ, பில்லிலை கவனம்!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவள் தினமும் சொன்னாள். எப்போதும் அந்த யன்னலில்தான், எப்போதும் அடுப்புப் பக்கத்தில்தான். அவள் சொன்னால் நாங்கள் அடுப்பை நிறுத்துவோம், முகர்வோம், யன்னலைத் திறப்போம். மணக்காது. இவர் புது அலாரம் ஒன்று வாங்கிச் சுவரில் பூட்டினார். அது ஒருநாளும் அடிக்கவில்லை. அரைவேக்காட்டுச் சோறும் குளிர்ந்த கறியும் தின்று தின்று எங்களுக்கு அலுத்துவிட்டது. "அவளுக்குக் காஸ் எண்டாப் பயம் போலை," என்றார் இவர். அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சமையலறை வாசலில் ஒரு தடுப்புக் கதவு போட்டார். அடுப்புப் பக்கம் போகாவிட்டால் பயமும் போய்விடும் என்பது அவர் கணக்கு. எனக்கும் சரியென்றுதான் பட்டது.

மகள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லிப் பார்த்தாள். "காஸ்." "காஸ் இல்லை குஞ்சு, பயப்பிடாதை," என்று நான் அலாரத்தைக் காட்டுவேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு யன்னலைப் பார்ப்பாள், பிறகு போய்ச் சோபாவில் குப்புறப் படுத்துக்கொள்வாள். நாளுக்கு நாள் குறைந்து, ஒரு கிழமை வந்தது, அவள் அதைச் சொல்லவே இல்லை.

அந்தக் கிழமைதான் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போகவேண்டியிருந்தது. இளம் பெண், பொறுமையானவர். எந்தச் சொல்லையாவது பொருளோடு சொல்கிறாளா என்று கேட்டார். காஸ் என்றேன் பெருமையாக. சொல்லும்போது உண்மையில் காஸ் மணக்குமா என்றார். இல்லை என்றேன். காஸ் வேண்டும் என்றா, வேண்டாம் என்றா? தெரியாது என்றேன். இப்போதும் சொல்கிறாளா? இல்லை. அவர் கோப்பில் ஏதோ எழுதிவிட்டு, அப்படியானால் அது வெறும் சத்தமாக இருக்கலாம், சொல் என்று எடுக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் மகள் என் மடியில் தூங்கினாள். இருந்த ஒன்றும் போய்விட்டது என்று நினைக்க நினைக்க எனக்கு அழக்கூடத் தெம்பிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையை ரீவி முன்னால் இவரோடு இருத்திவிட்டு மேலே போனேன். எனக்கு யாரிடமாவது போய் இருக்கவேண்டும் போல இருந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி வைத்தார், புத்தகத்தை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் அலுப்பாக இருந்ததால் வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வங்காளியில் ஒரு வரி வாசிப்பார், பிறகு ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு பேசாத சிறுமி, ஊரில் திருவிழா, எல்லாரும் போய்விட்டார்கள், அவளை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் வீட்டுக்குப் பின்னால் போகிறாள். அக்கா குனிந்து அடுத்த வரியை வாசித்தார். அதில் ஒரு சொல் என் காதில் சுருக்கென்று ஏறியது.

"நில்லுங்கோ அக்கா. உந்தக் கதையிலை காஸ் எங்கை வந்தது?"

"என்னது?"

"இப்ப வாசிச்சீங்கள். காஸ் எண்டு. அந்தக் கிராமத்திலை காஸ் அடுப்பு இருந்ததோ?"

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி யன்னலைக் காட்டினார். வெளியே இலை கொட்டிப்போய் நின்றது மரம். "அதுதான் காஸ்," என்றார். புத்தகத்தில் அது காச் என்று இருக்குமாம், அவர்கள் ஊர் வாயில் காஸ் என்று வருமாம். "உன் மகள் வரும்போதெல்லாம் நான் காட்டுவேனே. காஸ், காஸ் என்று. காஸ் ஆடுகிறது, காஸ் நனைகிறது என்று. சும்மா, பேச்சுத் துணைக்கு."

காஸ்காரன் வந்த கதையை நான் அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில் சொன்னதால் வாயில் 'கேஸ்' என்றுதான் வந்திருக்கிறது, வெள்ளைக்காரன் சொல்வது மாதிரி. காஸ் என்று சொல்வது நாங்கள் வீட்டுக்குள்தான். மகள் சொன்னதை மகள் சொன்னமாதிரியே ஒருதரம் சொல்லிக் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மேலே மகள் அப்படிச் சொல்லி அக்கா கேட்டதில்லை, ஏனென்றால் மேலே அவள் அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மேலே மரம் முழுதாக இருந்தது. கீழேதான் பாதி மரமும் தடுப்புக் கதவும். கீழேதான் அவள் மரத்தைக் கேட்டிருக்கிறாள்.

அக்காவுக்கு விசயத்தைச் சொன்னேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அவர் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தார்.

அந்தக் கதைகள் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்கு முழுதாகத் தணிந்தது என்று சொல்லமாட்டேன். தாயை அழவிட்டுக் கைகழுவுகிற கதையை இன்றைக்கும் என்னால் பொறுக்க ஏலாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் ஆற்றங்கரைக்குப் போனார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஆறு அவர்களைப் புரிந்துகொண்டதாம், அது எழுதியவரின் ஆசை. ஆறு ஒருநாளும் "சொல்லு" என்று கேட்டிருக்காது. மரமும் கேட்டிருக்காது. வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து போக அது ஒன்றே போதும்.

கீழே வந்து தடுப்புக் கதவைக் கழற்றினேன். இவர் ஏன் என்று கேட்டார். "காலிலை இடிக்குது," என்றேன். விசயத்தை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுசன் அந்த நிமிடமே பிள்ளையை யன்னலுக்கு முன்னால் நிறுத்தி, "மரம் சொல்லு, காஸ் சொல்லு" என்று தொடங்கிவிடுவார். அவள் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டாளா, எங்கேயாவது வைத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவேண்டும். கேட்காமல் தெரியவேண்டும். வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை, சும்மா இருந்ததுதான்.

முதல் நாட்களில் அவள் சமையலறைப் பக்கமே வரவில்லை. பிறகு வாசல் வரைக்கும் வந்து, கதவு இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் வேலையால் வந்ததும் ஒரு கதிரையை யன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருப்பேன். தேத்தண்ணி ஆறும். அடிமரத்தைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அதிலும் கவனிக்கக் கொஞ்சம் இருந்தது. பாசி பிடித்த ஒரு பக்கம், ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் போய்வரும் ஒரு சின்னக் குருவி. "சொல்லு" என்று ஒருநாளும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கத் தொடங்கிய ஒரு பின்னேரம் அவள் வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். அடுப்பில் பருப்பு. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள், நானும் வைத்தேன். கண்ணாடி குளிர்ந்தது. என்னையறியாமல், எனக்கு நானே சொல்வதுபோல, "மரம்" என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு வயதாகியும் இது தெரியாதா என்கிற பார்வை.

"காஸ்," என்றாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "மரம்."

"காஸ்!" புருவத்தை நெரித்துக்கொண்டு, உரத்து, கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டி.

"மரமடி."

"காஸ்! காஸ்!"

முன்கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இவர் சமையலறைக்குள் பாய்ந்து வந்தார், அடுப்பை நிறுத்தினார், யன்னலைத் தள்ளித் திறந்தார். பெற்றோல் மணமும் வெளிக்குளிரும் ஒன்றாக முகத்தில் அடித்தது. "என்னப்பா நீர், பிள்ளை கத்திறாள், நீர் பாத்துக்கொண்டு இருக்கிறீர்! காஸ் மணக்குதோ?"

"மணக்கேல்லை," என்றேன். "அது மரம்."

"மரமோ? ஆர் சொன்னது?"

மகள் திறந்த யன்னலால் கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்கடை மகள்தான்," என்றேன். "இவ்வளவு நேரமும் என்னோடை கதைச்சுக்கொண்டு நிண்டவள்."